ஆப்ஜெக்ட் பட்டியல் கன்சோலில் அட்டவணையாக வரவில்லை, காலி வரிகள்தான் வருகின்றன

கரும்பலகை:

பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை மொழி) 5.1ல் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். அது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பட்டியல்களை வெளியே தருகிறது. முதலாவது வட்டுகளின் பட்டியல்: பெயர், மொத்தம், மீதி என்று மூன்று பிராப்பர்ட்டிகள் (பெயரிட்ட தரவுப் புலங்கள்). இரண்டாவது சேவைகளின் பட்டியல்: சேவை, நிலை என்று இரண்டு. இரண்டையும் பிஎஸ்கஸ்டம்ஆப்ஜெக்ட்டாகத்தான் (பிராப்பர்ட்டிகளை நாமே வைக்கும் ஆப்ஜெக்ட்) உருவாக்குகிறேன்.

வட்டுப் பட்டியல் ஒழுங்காக அட்டவணையாக வருகிறது. சேவைப் பட்டியல் வர வேண்டிய இடத்தில் வெறும் காலி வரிகள். தலைப்பு இல்லை, ஓர் எழுத்துகூட இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் சேவைப் பட்டியலை ஒரு மாறியில் வைத்து அதை மட்டும் தனியாக அடித்தால் அருமையாக அட்டவணை வருகிறது. கவுண்ட் கேட்டாலும் சரியான எண்ணிக்கை.

இன்னொரு விசித்திரம். வட்டுப் பட்டியலில் இன்னும் இரண்டு பிராப்பர்ட்டி சேர்த்ததும் அட்டவணையே காணாமல் போய், ஒவ்வொரு வட்டுக்கும் ஐந்து வரி என்று கீழ்நோக்கி நீள்கிறது. எதையும் மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. இவை இரண்டும் ஒரே சிக்கலா, வேறு வேறா? ஆப்ஜெக்ட்டில் என்ன இருக்கிறது என்று காட்டும் கெட்-மெம்பர் கொடுத்துப் பார்த்தேன், வட்டின் பிராப்பர்ட்டிகள் மட்டும் தெரிகின்றன. சேவைகள் எங்கே போயின?

குழாய்வழி:

உங்கள் சேவைகள் எங்கும் போகவில்லை. பட்டியலில் அப்படியே இருக்கின்றன. அவற்றை வரைபவருக்கு அவற்றின் பெயர்களைக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஆப்ஜெக்ட்டுக்குள் அட்டவணை என்று எதுவும் கிடையாது. பெயரும் மதிப்பும் மட்டுமே இருக்கும். பைப்லைனின் (ஒரு கட்டளையின் விடை அடுத்ததற்குப் போகும் குழாய்) கடைசியில் அவுட்-டிஃபால்ட் என்று ஒன்று நிற்கிறது. நீங்கள் ஃபார்மட் எதையும் சொல்லாதபோது, எப்படி வரைவது என்று அதுதான் முடிவு செய்கிறது. முடிவு செய்ய அது பார்ப்பது முதலில் வந்து சேரும் ஆப்ஜெக்ட்டை. முதல் வட்டு வந்தது, மூன்று பிராப்பர்ட்டி இருந்தது, மூன்று நெடுவரிசை என்று தலைப்பைப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொன்றிலும் "பெயர் என்ன, மொத்தம் என்ன, மீதி என்ன" என்று மட்டுமே கேட்கும். சேவை ஆப்ஜெக்ட்டில் இந்த மூன்றுமே இல்லை. ஆகவே மூன்று கட்டமும் காலி, அந்த வரியே காலி.

ஒரு ஸ்கிரிப்ட்டில் வெவ்வேறு இடங்களில் இருந்து வெளியேறினாலும் அவை எல்லாம் ஒரே பைப்லைனில்தான் போய்ச் சேர்கின்றன. நடுவில் நாற்பது வரி நிரல் இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. தனியாக அடிக்கும்போது சரியாக வருவதற்கும் இதுவே காரணம்: அப்போது முதல் ஆப்ஜெக்ட் சேவைதான்.

இரண்டாவது கேள்வி வேறு விதி. ஒரு வகைக்கு முன்கூட்டியே காட்சி வரையறை எதுவும் இல்லை என்றால், நான்கு பிராப்பர்ட்டி வரை அட்டவணை, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பட்டியல். உங்கள் வட்டு மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனது, எல்லையைத் தாண்டியது. அட்டவணைதான் வேண்டும் என்றால் ஃபார்மட்-டேபிள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

கெட்-மெம்பர் உங்களை ஏமாற்றியதற்கும் காரணம் உண்டு. அது வகையின் பெயரைப் பார்த்து, ஒரு வகைக்கு ஒருமுறை மட்டும் காட்டும். உங்கள் வட்டும் சேவையும் பெயரளவில் ஒரே வகை. இதுபோன்ற நேரத்தில் நான் கெட்-மெம்பரை நம்புவதில்லை, ஃபார்மட்-லிஸ்ட் போட்டுப் பார்ப்பேன். அது ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டிடமும் அதன் சொந்தப் பிராப்பர்ட்டிகளைக் கேட்கும். தரவு இருக்கிறதா, இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இல்லாத தரவும் காட்டப்படாத தரவும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் அதைப் பிரித்துக்கொள்ளாமல் வேறு எதையும் தொட வேண்டாம்.

கரும்பலகை:

ஃபார்மட்-லிஸ்ட் போட்டதும் எல்லாம் வந்துவிட்டன. நன்றி. அப்புறம் சேவைப் பட்டியலுக்கு மட்டும் ஃபார்மட்-டேபிள் சேர்த்தேன். இப்போது காலி வரிக்குப் பதில் சிவப்பில் பிழை: ஃபார்மட்ஸ்டார்ட்டேட்டா என்ற வகை ஆப்ஜெக்ட் செல்லாது அல்லது சரியான வரிசையில் இல்லை, நீங்கள் கொடுத்த ஃபார்மட்-டேபிள் இயல்பு ஃபார்மட்டோடு மோதுகிறது என்கிற மாதிரி.

அரைப்புள்ளி:

இரண்டுக்குமே ஃபார்மட்-டேபிள் போட்டுவிடுங்கள், மோதல் நின்றுவிடும். நான் எழுதும் ஃபங்ஷன்கள் எல்லாவற்றிலும் கடைசி வரியில் அதைப் போட்டுவிடுவது வழக்கம். எப்போது கூப்பிட்டாலும் அட்டவணை. எளிது.

குழாய்வழி:

பிழைச் செய்தி சொல்வது உண்மைதான். முதல் பட்டியலுக்காக இயல்பு அட்டவணை ஒன்று ஏற்கனவே திறந்திருக்கிறது. அது மூடப்படுவதற்குள் இன்னொரு அட்டவணையின் தொடக்கக் குறி வந்து விழுகிறது. இரண்டுக்கும் வெளிப்படையாகச் சொன்னால் மோதல் போகும், அரைப்புள்ளி சொன்னது அந்த அளவில் சரி.

ஆனால் ஃபங்ஷனுக்குள் ஃபார்மட்-டேபிள் வைப்பதை நான் கடுமையாக மறுக்கிறேன். ஃபார்மட்-டேபிளிலிருந்து வெளியே வருவது உங்கள் வட்டுகள் அல்ல. தலைப்பு எங்கே, அகலம் எவ்வளவு, இந்தக் கட்டத்தில் என்ன எழுத்து என்கிற வரைதல் குறிப்புகள் மட்டுமே. அந்த ஃபங்ஷனின் விடையை யாராவது நாளைக்கு, சிஎஸ்வி கோப்பாக எழுதும் எக்ஸ்போர்ட்-சிஎஸ்விக்கு அனுப்பினால் கோப்பில் கிளாஸ்ஐடி என்று தொடங்கி நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த தலைப்பு வரும், வட்டின் பெயர் வராது. மீதி பத்துக்குக் கீழே உள்ள வட்டுகளை மட்டும் வடிகட்டலாம் என்று பார்த்தால், வடிகட்ட மீதி என்ற பிராப்பர்ட்டியே இருக்காது. பிழையும் வராது, இல்லாத மதிப்பு பத்துக்குக் கீழ் என்றே கணக்காகி எல்லா வட்டுகளும் வடிகட்டப்படாமல் வந்துவிடும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்டைத் தரட்டும். திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அதைக் கூப்பிடுகிற இடம் முடிவு செய்யட்டும். கரும்பலகை, உங்கள் ஸ்கிரிப்ட் மனிதர் பார்ப்பதற்காக மட்டும் என்றால், ஒவ்வொரு பட்டியலையும் தனித்தனியாக, நேரே திரையில் எழுதும் அவுட்-ஹோஸ்ட்டுக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றும் தன் அட்டவணையைத் திறந்து, வரைந்து, மூடிவிடும்.

அரைப்புள்ளி:

நான் எழுதுவது பெரும்பாலும் நானே கன்சோலில் பார்ப்பதற்குத்தான், வடிகட்டத் தேவையே வந்ததில்லை. ஆனாலும் ஒரு கேள்வி. ஃபார்மட்-டேபிள் வேண்டாம் என்றால், எட்டு பிராப்பர்ட்டி உள்ள ஆப்ஜெக்ட்டை யார் கூப்பிட்டாலும் அட்டவணையாகக் காட்ட வழி என்ன? கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஃபார்மட்-டேபிள் அடிக்க வேண்டுமா?

குழாய்வழி:

வேண்டாம். அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, பலர் அதைத் தொடுவதில்லை. ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போதே பிஎஸ்டைப்நேம் என்ற சாவியில் அதற்கு ஒரு வகைப் பெயர் கொடுங்கள். பிறகு அப்டேட்-டைப்டேட்டாவில் அந்தப் பெயரைச் சொல்லி, டிஃபால்ட்டிஸ்ப்ளேபிராப்பர்ட்டிசெட் என்ற பாராமீட்டருக்கு முக்கியமான நான்கு பெயர்களைக் கொடுங்கள். ஆப்ஜெக்ட்டில் எட்டும் அப்படியே இருக்கும். திரைக்கு நான்கு மட்டும் வரும், நான்குதான் என்பதால் அட்டவணையாக வரும். சிஎஸ்விக்கு அனுப்பினால் எட்டும் போகும்.

நான்குக்கு மேல் நெடுவரிசை வேண்டும், அகலமும் நாமே குறிக்க வேண்டும் என்றால் ஃபார்மட் வரையறையை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதி அப்டேட்-ஃபார்மட்டேட்டா வழியே ஏற்ற வேண்டும். எழுத அலுப்பான கோப்பு. பலர் பயன்படுத்தும் மாட்யூல் என்றால் அந்த உழைப்பு வீண் போகாது.

கரும்பலகை:

அவுட்-ஹோஸ்ட் வேலை செய்தது. அதோடு நான் கேட்க நினைத்து விட்டுப்போன ஒன்றும் தானாகச் சரியாகிவிட்டது: "தொடரலாமா?" என்று ரீட்-ஹோஸ்ட்டில் கேட்பேன், அந்தக் கேள்வி அட்டவணைக்கு முன்பே வந்து நிற்கும். பதில் அடித்த பிறகுதான் அட்டவணை வரும். இப்போது ஒழுங்கான வரிசையில் வருகிறது. ஏன்?

குழாய்வழி:

அதுவும் இயல்பு அட்டவணையின் குணம்தான். காட்சி வரையறை இல்லாத வகைக்கு அட்டவணை போட வேண்டி வந்தால், நெடுவரிசை அகலத்தைக் கணிக்க அது 300 மில்லிவினாடி வரை ஆப்ஜெக்ட்டுகளைச் சேர்த்து வைத்துக் காத்திருக்கும். பதிப்பு 5லிருந்து இப்படி. ரீட்-ஹோஸ்ட்டும் ரைட்-ஹோஸ்ட்டும் அந்த வரிசையில் நிற்பதில்லை, நேரே திரைக்குப் போய்விடும். அவுட்-ஹோஸ்ட் போட்டதும் அந்தப் பட்டியல் அங்கேயே முழுதாக எழுதி முடிக்கப்படுகிறது.

ரைட்-ஹோஸ்ட் என்றதும் இன்னொன்று. பட்டியலையே ரைட்-ஹோஸ்ட்டுக்குக் கொடுக்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அது ஆப்ஜெக்ட்டை எழுத்துத் தொடராக்கிவிடும், அட்டவணைக்கு இடமே இல்லை. அட் குறி, நெளி அடைப்பு, பெயர், சமன், மதிப்பு என்று ஒரே வரியில் ஓடுவதைப் பார்த்தால் எங்கோ ஸ்ட்ரிங்காக மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அலைவரிசை:

இதே தலைப்பில் என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன். என் பட்டியலில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஊர், வெப்பம் என்று இரண்டு சாவிகள். அட்டவணை வருகிறது, ஆனால் நெடுவரிசைத் தலைப்பு நேம், வேல்யூ என்றுதான் இருக்கிறது. ஊரும் வெப்பமும் தலைப்பாக வராமல் வரிகளாக இறங்கி, பத்து உறுப்புக்கு இருபது வரி. அவுட்-ஹோஸ்ட், ஃபார்மட்-டேபிள் எதற்கும் அசையவில்லை.

குழாய்வழி:

நீங்கள் வைத்திருப்பது ஹாஷ்டேபிள்களின் (சாவியும் மதிப்புமான இணைகளின் தொகுப்பு) பட்டியல். ஹாஷ்டேபிளின் சாவிகள் பிராப்பர்ட்டிகள் அல்ல, அதற்குத் தனிக் காட்சி வரையறை உண்டு, அதுதான் நேம், வேல்யூ. ஒவ்வொன்றையும் பிஎஸ்கஸ்டம்ஆப்ஜெக்ட் என்று மாற்றி வெளியே விடுங்கள். உருவாக்கும் இடத்திலேயே அட் குறிக்கு முன்னால் சதுர அடைப்பில் அந்த வகைப் பெயரை எழுதினால் போதும், நீங்கள் எழுதிய வரிசையும் மாறாது. ஏற்கனவே உருவான சாதாரண ஹாஷ்டேபிளைப் பின்னால் மாற்றினால் நெடுவரிசைகள் எந்த வரிசையில் வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே வரிசையைக் காக்கும் ஆர்டர்டு வகையில் தொடங்குவது நல்லது.

அலைவரிசை:

ஊரும் வெப்பமும் தலைப்பாகிவிட்டன. மிக்க நன்றி. அப்புறம் இன்னொரு தொல்லை: எல்லா உறுப்புக்கும் ஒரே பிராப்பர்ட்டிகள் இல்லை. சிலவற்றுக்கு மட்டும் ஈரப்பதம் உண்டு. முதல் உறுப்புக்கு இல்லை. அதனால் ஈரப்பதம் நெடுவரிசையே வருவதில்லை. ஃபார்மட்-டேபிளுக்கு நட்சத்திரக் குறி கொடுத்தேன், பலன் இல்லை.

குழாய்வழி:

நட்சத்திரமும் முதல் ஆப்ஜெக்ட்டைப் பார்த்துத்தான் விரிகிறது. பெயர்களை நீங்களே சொன்னால் முடிந்தது: ஊர், வெப்பம், ஈரப்பதம். பெயர்கள் முன்கூட்டித் தெரியாது என்றால் முதலில் ஒரு சுற்று ஓடி, ஒவ்வொரு உறுப்பின் பிஎஸ்ஆப்ஜெக்ட்.பிராப்பர்ட்டீஸ்.நேம் எல்லாவற்றையும் திரட்டுங்கள், செலக்ட்-ஆப்ஜெக்ட்டின் யூனிக் கொடுத்து இரட்டிப்பை நீக்குங்கள். அந்தப் பெயர்த் தொகுப்பை அப்படியே செலக்ட்-ஆப்ஜெக்ட்டுக்கு மீண்டும் கொடுங்கள். இல்லாத இடத்தில் காலி மதிப்பு வரும், ஆனால் எல்லா உறுப்புக்கும் ஒரே வடிவம் கிடைத்துவிடும்.

கோப்பில் எழுதுகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். எக்ஸ்போர்ட்-சிஎஸ்வியும் நெடுவரிசைகளை முதல் ஆப்ஜெக்ட்டிலிருந்தே எடுக்கிறது. திரையில் ஒரு நெடுவரிசை விட்டுப்போனால் நமக்கு உறுத்தும். கோப்பில் விட்டுப்போனால் யாரும் கவனிக்காமலே அது அடுத்த கைக்குப் போய்விடும்.

நீள்சரம்:

ஜேசன் (தரவை எழுத்தாகச் சேமிக்கும் ஒரு வடிவம்) கோப்பிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு, 5.1ல் மட்டும். அங்கே கன்வெர்ட்ஃப்ரம்-ஜேசன் அணியைப் பிரிக்காமல் ஒரே பொட்டலமாகப் பைப்லைனில் விடும். நேரே செலக்ட்-ஆப்ஜெக்ட் போட்டால் ஒரே ஒரு காலி வரிசை கிடைக்கும். அந்தக் கட்டளை முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு அடுத்த குழாயைப் போட்டால் பிரிந்துவிடும். பவர்ஷெல் 7ல் தானாகவே பிரித்துத் தருகிறது. ஆகவே ஒரே ஸ்கிரிப்ட் ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் காலி அட்டவணை தந்தால் முதலில் பதிப்பைப் பாருங்கள்.

அதேபோல வெளி நிரல்கள் எதையாவது ஓட்டி, அதன் வெளியீட்டை ஃபார்மட்-டேபிளுக்கு அனுப்பி "அட்டவணை வரவில்லை" என்பவர்கள் உண்டு. வருவது வெறும் எழுத்து வரிகள். அவற்றுக்குப் பிராப்பர்ட்டி என்றால் லெங்த் ஒன்றுதான். அந்த நிரல் ஜேசனாகவோ சிஎஸ்வியாகவோ தருமா என்று பார்ப்பதே குறுக்கு வழி.

நோடுப்பக்கம்:

நான் பவர்ஷெல் தொடுவதில்லை, ஆனால் இந்த இழையைப் படிக்கப் படிக்க ஜாவாஸ்கிரிப்ட்டின் கன்சோல்.டேபிள் கதையும் இதுதான் என்று தெரிகிறது. நோடில் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் கருவி) அது பதிப்பு 10லிருந்து இருக்கிறது. அங்கே முதல் ஆப்ஜெக்ட் விதி கிடையாது, எல்லா வரிசைகளின் சாவிகளையும் சேர்த்தே நெடுவரிசை போடும். அங்கே சிக்கல் வேறு இடத்தில்: ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டிலும் அதற்கே சொந்தமான, எண்ணக்கூடிய சாவிகளை மட்டும்தான் பார்க்கும்.

இதன் விளைவு பலருக்குப் புரிவதில்லை. கிளாஸ் எழுதி, மதிப்புகளை ஹாஷ் குறி போட்ட பிரைவேட் ஃபீல்டுகளில் வைத்து, கெட்டர் (கேட்கும்போது மதிப்பைத் தரும் ஃபங்ஷன்) வழியே வெளியே தருகிறோம். பட்டியலை கன்சோல்.டேபிளுக்குக் கொடுத்தால் இண்டெக்ஸ் நெடுவரிசை மட்டும் வரும், பக்கத்தில் எதுவும் இல்லை. கெட்டர், கிளாஸின் எல்லா ஆப்ஜெக்ட்டுகளுக்கும் பொதுவான புரோட்டோடைப்பில் இருக்கிறது, ஆப்ஜெக்ட்டில் இல்லை. இரண்டாவது ஆர்குமென்ட்டில் அந்தக் கெட்டரின் பெயரைச் சொன்னாலும் நோடு தலைப்பை மட்டும் போட்டுக் கட்டத்தைக் காலியாக விடும். மேப் செய்து, ஒவ்வொன்றிலிருந்தும் வேண்டிய மதிப்புகளை எடுத்து, சாதாரண ஆப்ஜெக்ட்டாக்கிக் கொடுப்பதுதான் வழி.

இதைவிட அடிக்கடி நடப்பது அவெய்ட் விட்டுப்போவது. மேப்புக்குள் அசிங்க் ஃபங்ஷன் கொடுத்தால் கிடைப்பது புராமிஸ்களின் (இன்னும் வந்து சேராத விடைகளின்) பட்டியல். எண்ணிக்கை சரியாக இருக்கும், இண்டெக்ஸ் வரிசையாக வரும், மற்றதெல்லாம் காலி. புராமிஸ்.ஆல் போட்டு அவெய்ட் செய்தால் நிறையும். அட்டவணைக்குப் பதிலாக நீளமான ஒரே எழுத்துத் தொடர் வந்தால், நீங்கள் கொடுத்தது இன்னும் பார்ஸ் செய்யாத ஜேசன். கன்சோல்.டேபிள் ஆப்ஜெக்ட் அல்லாத எதையும் சாதாரண லாக் போல எழுதிவிட்டுப் போய்விடும். பிழை சொல்லாது.

ஏபிஐ விடைகளில் இன்னொன்று: பட்டியல் நேரடியாக வராமல் டேட்டா என்ற சாவிக்குள் இருக்கும். மேல் உறையையே கொடுத்தால் உறையின் சாவிகள் வரிசைகளாக வரும். உள்ளே இருக்கும் பட்டியலைக் கொடுங்கள்.

தரவுப்பட்டறை:

பைத்தானையும் சேர்த்துவிடலாம். இங்கே மொழியோடு வரும் பிரின்ட்டுக்கு அட்டவணை என்ற எண்ணமே இல்லை. பட்டியலை அச்சிட்டால் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் ரெப்ரைக் (ஆப்ஜெக்ட்டை எழுத்தாக்கித் தரும் மெத்தடு) கேட்கும். நாம் எழுதவில்லை என்றால் கிளாஸின் பெயரும் நினைவக முகவரியும் வரும். எஸ்டிஆர் மெத்தடு மட்டும் எழுதிவிட்டு "பட்டியலில் அது வரவில்லையே" என்பவர்கள் அதிகம். பட்டியலுக்குள் இருக்கும்போது பைத்தான் கேட்பது ரெப்ரைத்தான். 2018ல் வந்த பைத்தான் 3.7இல் டேட்டாகிளாஸ் சேர்ந்தது, அது ரெப்ரைத் தானே எழுதிக்கொள்ளும்.

அட்டவணைத் தரவுக்கான நூலகம் பாண்டாஸ். அதன் டேட்டாஃபிரேமுக்குச் சாதாரண கிளாஸ் ஆப்ஜெக்ட்டுகளைக் கொடுத்தால் பூஜ்ஜியம் என்ற தலைப்பில் ஒற்றை நெடுவரிசை, உள்ளே முகவரிகள். ஒவ்வொன்றையும் வார்ஸ் வழியே டிக்ஷனரி ஆக்கிக் கொடுத்தால் சரியாகும். கிளாஸில் ஸ்லாட்ஸ் வரையறுத்திருந்தால் வார்ஸ் டைப்எரர் தரும், அப்போது பெயர்களைச் சொல்லி எடுக்க வேண்டும். டேட்டாகிளாஸ் என்றால் பாண்டாஸ் 1.1லிருந்து நேரடியாகவே ஏற்றுக்கொள்கிறது. அட்டவணையின் நடுவில் மூன்று புள்ளி வந்து நெடுவரிசைகள் மறைந்தால் தரவுக்கு எந்தக் கேடும் இல்லை. டிஸ்ப்ளே.மேக்ஸ்_காலம்ஸ் அமைப்பை மாற்றுங்கள், அல்லது டூ_ஸ்ட்ரிங் கூப்பிடுங்கள்.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது ஜெனரேட்டர். மேப், ஃபில்டர் இரண்டும் பைத்தான் 3ல் ஒருமுறை மட்டும் ஓடித் தீரும் இட்டரேட்டர்களையே தருகின்றன. எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்காக அதை ஒரு லிஸ்ட்டாக மாற்றினால், அந்த ஓட்டத்திலேயே அது தீர்ந்துவிடும். அடுத்த வரியில் அட்டவணை காலி. சரிபார்க்கப் போட்ட வரியே தரவைக் குடித்துவிடுகிறது. டீபக் வரியை எடுத்தால் அட்டவணை வருகிறது, போட்டால் போகிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். முதலிலேயே லிஸ்ட்டாக்கி ஒரு பெயரில் வைத்துக்கொண்டு, எண்ணுவதும் அச்சிடுவதும் அதிலிருந்தே நடக்கட்டும்.

கன்சோலில் அட்டவணை வரையும் ரிச் நூலகம் பயன்படுத்துகிறவர்களுக்கு: வரிசை சேர்க்கும்போது எண்ணை அப்படியே கொடுத்தால் பிழை வரும், ஸ்ட்ரிங்காக்கிக் கொடுக்க வேண்டும். மதிப்புக்குள் சதுர அடைப்பில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதை மார்க்கப் என்று எண்ணி விழுங்கிவிடும். அதற்கு எஸ்கேப் ஃபங்ஷன் இருக்கிறது.

கரும்பலகை:

இவ்வளவு பேர் எழுதியதற்கு நன்றி. என் ஸ்கிரிப்ட்டில் மிச்சம் ஒன்று உண்டு. பிராப்பர்ட்டி பெயர்களையும் மதிப்புகளையும் தமிழிலேயே வைத்திருக்கிறேன். அட்டவணை வருகிறது, ஆனால் நெடுவரிசைகள் நேர்கோட்டில் நிற்பதில்லை. ஒவ்வொரு வரியும் வெவ்வேறு அளவு தள்ளிப்போகிறது. அகலத்தைத் தானே கணிக்கும் ஆட்டோசைஸ் கொடுத்தும் அதே நிலை. இன்னொரு கணினிக்கு எடுத்துப்போனால் தமிழே சிதைந்து ஏதோ குறியீடுகளாக வருகிறது.

எழுத்தளவு:

இதற்காகவே இந்த இழைக்குள் வந்தேன். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

சிதைவதை முதலில் முடிப்போம். பவர்ஷெல் 5.1, பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் குறியேற்றத்தைச் சொல்லும் குறி) இல்லாத ஸ்கிரிப்ட் கோப்பை யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது, கணினியின் பழைய ஆன்சி குறியேற்றத்தில் படிக்கும். கோப்பை பிஓஎம் உள்ள யுடிஎஃப்-8ஆகச் சேமியுங்கள், அல்லது 7க்கு மாறுங்கள். அங்கே பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8தான் இயல்பு.

இனி நேர்கோடு. அட்டவணை போடும் நிரல், குட்டையான மதிப்புக்குப் பின்னால் இடைவெளிகளை நிரப்பித்தான் அடுத்த நெடுவரிசையை நேராக்குகிறது. எத்தனை இடைவெளி என்பதற்கு அது நீளத்தை எண்ண வேண்டும். பெரும்பாலான கருவிகள் எண்ணுவது யூனிகோட் குறிகளை. "தமிழ்" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. குறிகளாக ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 பைட்டுகளாக 15. ஐந்து என்று எண்ணி இடைவெளி போட்டால், திரையில் மூன்று கட்டம்தான் நிரம்பியிருந்தால் அடுத்த நெடுவரிசை இரண்டு கட்டம் முன்னாலேயே வந்துவிடும். ஒவ்வொரு சொல்லிலும் கொக்கியும் புள்ளியும் வெவ்வேறு எண்ணிக்கை, ஆகவே ஒவ்வொரு வரியும் வெவ்வேறு அளவு தள்ளும். நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

அதற்குமேல், "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒற்றைக் குறியாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகவோ. திரையில் வேறுபாடு தெரியாது, நீளம் மாறும். என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) முறையில் சீராக்கிவிட்டால் இந்தப் பகுதி தீரும். அட்டவணைக்கு மட்டும் அல்ல, ஒப்பிடுவதற்கும் தேடுவதற்கும் இது தேவை.

எழுத்தாக எண்ண வழிகள் உண்டு. டாட்நெட்டில் ஸ்ட்ரிங்இன்ஃபோ வகையின் லெங்த்இன்டெக்ஸ்ட்எலிமென்ட்ஸ், பவர்ஷெல்லிலிருந்தே கூப்பிடலாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்டில்.செக்மென்ட்டர். பைத்தானில் ரீஜெக்ஸ் என்ற வெளி நூலகத்தில் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ். டேபுலேட் நூலகம், டபிள்யுசிவிட்த் நிறுவியிருந்தால் அதைக் கொண்டு அகலம் அளக்கும். புள்ளிக்குப் பூஜ்ஜியம் என்று அது சரியாகச் சொல்லும்.

ஆனால் எழுத்து எண்ணிக்கையும் திரை அகலமும் ஒன்றல்ல. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் என்ற தெளிவான விதி உண்டு, டெர்மினல்கள் அதைப் பின்பற்றுகின்றன. தமிழுக்கு அப்படி இல்லை. "ணை", "ஔ" போன்றவை ஒரு கட்டத்துக்குள் அடங்காது, கொக்கிக்கு ஒரு டெர்மினல் தனிக் கட்டம் ஒதுக்கும், இன்னொன்று ஒதுக்காது. "க்ஷ" இரண்டாக எண்ணப்பட்டு ஒன்றாக வரையப்படும். எவ்வளவு நேர்த்தியாகக் கணக்கிட்டாலும் எல்லாத் திரையிலும் நேராக நிற்கும் என்று உறுதி தர முடியாது.

அதனால் நான் செய்வது: தமிழ் மதிப்புள்ள நெடுவரிசையைக் கடைசியில் வைப்பேன். அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால் இடைவெளி எண்ண வேண்டிய தேவையே எழாது. எண்களும் தேதிகளும் முன்னால், தமிழ்ப் பெயர் கடைசியில். பார்க்கிறவர்களும் இதற்கு எளிதில் பழகிவிடுகிறார்கள். இரண்டு தமிழ் நெடுவரிசை கட்டாயம் என்றால் கன்சோலை விட்டுவிட்டு அவுட்-கிரிட்வியூ அல்லது கன்வெர்ட்டூ-ஹெச்டிஎம்எல் பக்கம் போய்விடுவேன்.

கரும்பலகை:

பெயர் நெடுவரிசையைக் கடைசிக்கு நகர்த்தினேன், மதிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கின்றன. தலைப்பு வரி மட்டும் சற்றுத் தள்ளியே இருக்கிறது, "மொத்தம்", "மீதி" என்று அவையும் தமிழில் இருப்பதால். சேவைகளின் நிலையைத் தமிழில் எழுதுவதை நிறுத்திவிட்டு எண்ணாக வைத்து, சேவைப் பெயரையும் அதேபோலக் கடைசியில் போட்டேன்.

வட்டுக்கு இப்போது ஐந்து பிராப்பர்ட்டி. குழாய்வழி சொன்னபடி பிஎஸ்டைப்நேம் கொடுத்து, மூன்றை மட்டும் இயல்புக் காட்சிக்கு வைத்தேன். அட்டவணை திரும்பிவிட்டது, சிஎஸ்வியில் ஐந்தும் போகின்றன. ஒரே சந்தேகம்: ஸ்கிரிப்ட்டை அதே கன்சோலில் இரண்டாம் முறை ஓட்டும்போது அப்டேட்-டைப்டேட்டா வரியில் "ஏற்கனவே இருக்கிறது" என்ற பிழை வருகிறது.

குழாய்வழி:

அந்த வரையறை கன்சோல் அமர்வு முழுக்க நிலைத்திருக்கும், அதனால்தான். அந்த வரியில் ஃபோர்ஸ் சேர்த்துவிடுங்கள், பழையதை மாற்றி எழுதிக்கொள்ளும். தலைப்பு வரிக்கு ஒரு யோசனை: பிராப்பர்ட்டி பெயர்களை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு மதிப்பை மட்டும் தமிழில் விடுங்கள். சிஎஸ்வியைப் படிக்கப்போகும் மற்ற ஸ்கிரிப்ட்டுகளுக்கும் அது வசதி.

கரும்பலகை:

ஃபோர்ஸ் போட்டதும் பிழை நின்றது. தலைப்புகளையும் மாற்றிவிட்டேன். தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.